பேத்தி தலையில் அடித்த சத்தியம்

ஜூலை 9, புதன்

வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது. போன மாதம் வரை நாய் படுத்துக் கிடந்த இடம். வடக்கு வெளி நாற்று நடவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை நடவு என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லிவிட்டேன். ராமாயிக்கு மட்டும் கடைசியாகச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் நடவுக்கு ஆள் கூட்டிப் போவதே அவள்தான் என்கிற மாதிரி ஊரெல்லாம் பேசுவாள்.

பேத்தி செம்மொழி சாயந்திரம் கன்னத்தில் சிராய்ப்போடு வந்தாள்.

"விழுந்துட்டேன் அப்பாயி."

"தானா விழுந்தியா?"

"தள்ளிவிட்டாளுங்க."

"யாரு?"

"எங்க டீம் பிள்ளைங்கதான். பிராக்டிஸ்ல."

சொந்த டீம் பிள்ளைகளே தள்ளிவிடுகிற ஆட்டம் என்ன ஆட்டமோ. ரக்பி என்று பெயர். போன வருஷம் காலேஜில் சேர்ந்தபோது ஓட்டப் பந்தயம்தான் ஓடிக்கொண்டிருந்தாள். அங்கே விளையாட்டு சொல்லித் தருகிற ஷம்சாத் மேடம் இவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு இதில் இழுத்துவிட்டார்கள். பந்து உருண்டையாக இல்லை, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் பாயிண்ட். பக்கத்துக்கு ஏழு பேர். இவள் ஓரத்தில் நிற்பாள். பந்து கைக்கு வந்ததும் பறக்க வேண்டியதுதான் இவள் வேலை.

இவளைப் பிடிக்க அந்தக் காலேஜிலேயே ஆள் கிடையாதாம். நான் பாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. மேடமே சொன்னார்களாம்.

அப்பன் ஆத்தாள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். கன்னத்தைப் பார்த்தால் என் மகன் புகழேந்தி என்னைத்தான் பேசுவான். இரண்டு நாளைக்கு அப்பனோடு வீடியோவில் பேசாதே என்று சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 12, சனி

நடவு முடிந்தது. லீவு என்பதால் செம்மொழியும் வந்தாள். நாற்று முடிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி ஓடி எங்களுக்கு வீசினாள். நேற்றுப் பெய்த மழையில் வரப்பு சோப்பு போட்ட மாதிரி இருந்தது. ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை.

ராமாயி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "குஞ்சம்மா, உன் பேத்திக்குக் கால்ல கண்ணு இருக்குடி" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. ஆனால் கண் பட்டுவிடக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன்.

காலேஜில் அவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்றால் எங்கே கற்றுக்கொண்டாள்? எங்கள் வரப்பில்தானே. இதை அந்த மேடத்திடம் ஒருநாள் சொல்ல வேண்டும்.


ஜூலை 19, சனி

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

உரக்கடைக்குத் தஞ்சாவூர் போனவள் அப்படியே காலேஜ் கிரவுண்டுக்கும் போனேன். ஷம்சாத் மேடம் அய்யம்பேட்டைக்காரர். தலையில் துணி சுற்றி அதற்கு மேல் தொப்பி போட்டிருந்தார்கள். விசில் அடித்தால் காது அடைக்கிறது. என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷி. எங்கள் வரப்பில் ஓடிப் பழகிய பிள்ளை அவள் என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

"அதாம்மா பிரச்சினையே" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதீங்க. வேகத்துல அவள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா தலையக் குனிஞ்சு காலடியப் பாத்துக்கிட்டே ஓடுறா. கோடு கிழிச்ச மாதிரி நேரா போறா. எதிர்ல ஆள் வர்றது இடிச்ச பிறகுதான் அவளுக்குத் தெரியுது. வரப்புல அப்படித்தான் ஓடணும், சரி. இங்க அப்படி ஓடுனா எலும்பு உடையும்மா."

சொன்ன கையோடு செம்மொழி பந்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். அவர்கள் சொன்னது மாதிரியேதான். குனிந்த தலை நிமிரவில்லை. பக்கவாட்டில் ஒருத்தி வந்தாள். இவள் பார்க்கவில்லை. தொப்பென்று சத்தம். டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் எழுந்து நின்றேன். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இந்த ஊர் வரப்பெல்லாம் குனிந்து பார்த்துத்தான் நடக்க வேண்டும். நிமிர்ந்து நடந்தால் சேற்றில் விழுவோம். அது எப்படித் தப்பாகும்?


ஜூலை 20, ஞாயிறு

அந்தத் தொப்பென்ற சத்தம் காதை விட்டுப் போகவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம்.

மத்தியானம் என்னைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு முனையில் நிற்க வேண்டுமாம். அவள் எதிரே ஓடி வருவாள். நான் கையைத் தூக்கி விரலைக் காட்ட வேண்டும். எத்தனை விரல் என்று அவள் ஓடிக்கொண்டே சொல்ல வேண்டும். தலை நிமிர்வதற்கு மேடம் கொடுத்த வீட்டுப்பாடம்.

முதல் தடவை அவள் வந்த வேகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கீழே போட்டுவிட்டேன்.

"கண்ண மூடாத அப்பாயி! நான் ஒன்னும் லாரி இல்ல!"

"லாரிக்காவது பிரேக் இருக்கும்டி."

பிறகு பழகிவிட்டது. அவள் விரலைச் சரியாகச் சொன்னாள். நிமிர்ந்ததும் வேகம் குறைகிறது. கால் எங்கே படுகிறதோ என்கிற பயம் அவள் முகத்திலேயே தெரிகிறது. சின்ன வயதிலிருந்து பழகியதை ஒரே நாளில் விடு என்றால் எப்படி விடுவாள்? ஆனாலும் விடவில்லை. வியர்வை ஊற்ற ஊற்ற இருட்டும் வரை ஓடினாள். பிடிவாதம் அவள் தாத்தா மாதிரி.

நல்லா ஆடினால் யுனிவர்சிட்டி டீமில் எடுப்பார்களாம். அதில் ஆடினவர்களை ரயில்வேயில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்களாம். எங்கள் வகையறாவில் பிறத்தியார் வயலிலோ கம்பெனியிலோ குனியாமல் சம்பளம் வாங்கினவர் யாரும் கிடையாது. நினைத்தால் வருவது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.


ஆகஸ்ட் 23, சனி

திருச்சியில் மேட்ச். நான், ராமாயி, இன்னும் நாலு பேர் பஸ் ஏறிப் போனோம்.

இரண்டாவது பாதியில் செம்மொழியிடம் பந்து வந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது, நான் பார்த்தேன். ஒருத்தி எதிரே வந்தாள். இவள் நேராகப் போகாமல் சட்டென்று உள்பக்கம் ஒரு எட்டு வைத்துத் திரும்பி வெளியே போனாள். வந்தவள் வெறும் காற்றைக் கட்டிப் பிடித்தாள். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்ததும் எங்களுக்கு என்ன தோன்றியதோ, ஆறு பேரும் குலவை போட்டுவிட்டோம். ஆட்டக்காரப் பிள்ளைகள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த தடவை இரண்டு பேர் சேர்ந்து இவளைச் சாய்த்து மேலே விழுந்தார்கள். எழுந்திருக்கவில்லை. நான் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன்.

"ஏண்டி, ஒத்தப் பிள்ள மேல ரெண்டு பேரா விழுவீங்க? உங்க வீட்ல பிள்ள இல்ல?"

நடுவர் விசிலை ஊதிக்கொண்டே வந்து, "பாட்டி, வெளிய போங்க, வெளிய போங்க" என்று கையை ஆட்டினார். ராமாயி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செம்மொழி தானாக எழுந்துவிட்டாள். முகம் சிவந்து கிடந்தது. அடியில் அல்ல, வெட்கத்தில்.

ஜெயித்தார்கள். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது, "நீ இனிமே மேட்சுக்கு வராத அப்பாயி" என்றாள்.

சரி. வரவில்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது காலை ஊன்றாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கி இறங்கினாள். நான் கடைவாசலில் நின்றதை அவள் பார்க்கவில்லை. பார்த்ததும் நேராக நடந்தாள். நேராக நடப்பது போல நடந்தாள்.

வீட்டில் பாவாடையைத் தூக்கிக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். நான் யார், அவள் பிறந்த அன்று முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவள். பிடித்துப் பார்த்தேன். முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. தொட்டால் கொதிக்கிறது.

பிராக்டிஸில் திரும்பும்போது உள்ளே ஏதோ 'டொப்' என்றதாம். நாலு நாளாகிறதாம். துணி சுற்றி மேலே நீளக் கால்சட்டை போட்டு ஆடியிருக்கிறாள்.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

இருபத்தேழாம் தேதி யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அடிபட்டது தெரிந்தால் மேடம் அன்றே உட்கார வைத்துவிடுவார்கள். அதுவரைக்கும் சமாளித்துவிட்டால் போதுமாம். நான் முடியாது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், மேடத்திடம் சொல்லுவோம் என்றேன். அழுதாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

கையை இழுத்தேன். விடவில்லை. அவ்வளவு அழுகை. ஓட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியது.

அடித்துவிட்டேன். சத்தியம் பண்ணிவிட்டேன்.

என்ன காரியம் செய்தேன்?


செப்டம்பர் 14, ஞாயிறு

நொச்சி இலை போட்டு ஒத்தடம். எருக்கிலை வாட்டிக் கட்டினேன். வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருக்கிறது. மாதிரிதான் இருக்கிறது.

அவள் தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அவள் தலைக்குத்தான் ஆகும். இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீறாமல் இருந்தால் அவள் காலுக்கு ஆகும். தலையா காலா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?


செப்டம்பர் 17, புதன்

இன்றும் ஆடப் போனாள். இன்றும் சொல்லவில்லை.


செப்டம்பர் 21, ஞாயிறு

புகழேந்தி போன் பண்ணினான். "பிள்ள எப்படிம்மா இருக்கு?" நல்லா இருக்கு என்றேன். நாக்கு கூசியது. மருமகள் மலர்விழி பின்னாலிருந்து, "மேட்ச் என்னைக்குன்னு கேளுங்க, லீவு சொல்லணும்" என்கிறாள். ஆசையாகக் கேட்கிறாள்.

சம்பா நடவு நடக்கிறது. வயலில் என் கை ஓடவில்லை. என் நிரை மட்டும் பின்தங்கி நின்றது. ராமாயி விடுவாளா?

"என்னடி, நட்டுக்கிட்டு இருக்கியா, நாத்துக்கிட்ட கதை பேசிக்கிட்டு இருக்கியா?"

சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். ஒருத்தி ஒரு பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டாள், அதை மீறித்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியும் என்றால் என்ன பண்ணுவாள் என்று. ராமாயி தூக்குவாளியை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். யார் பிள்ளை என்று கேட்கவில்லை. அவள் வாய் பெரிசுதான், ஆனால் எங்கே மூட வேண்டும் என்று தெரிந்தவள்.

"தலைமேல வச்ச சத்தியத்துக்குத் தலையத்தாண்டி குடுக்கணும். அந்தப் பிள்ள தலைக்குப் பதிலா சத்தியம் பண்ணுனவ தன் தலைய ஆத்தாகிட்ட குடுத்துடணும்."

"தலையக் குடுக்கிறதுன்னா?"

"முடியத்தான்டி. வெட்டியா குடுக்கச் சொல்றேன்?"


செப்டம்பர் 24, புதன்

படி ஏறும்போது "அம்மா" என்று முனகினாள். நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து சோறு கேட்டாள். இன்னும் மூன்று நாள்.

ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? சும்மா சுளுக்குதானோ? நான்தான் கிடந்து மருகுகிறேனோ?

இல்லை. சுளுக்கு எனக்குத் தெரியும். இது சுளுக்கு இல்லை.


செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் செம்மொழி காலேஜுக்குப் போன பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். புன்னைநல்லூர் ஆத்தா கோயிலுக்குப் போனேன். முடி இறக்குகிற இடத்தில் அந்த ஆள், "நேர்த்திக்கடனா பாட்டி?" என்றார். ஆமாம் என்றேன். "யாருக்கு?" தலையைக் குனிந்துகொண்டேன். மடியில் முடி விழுந்தது. இவ்வளவு வெள்ளையா என்று எனக்கே ஆச்சரியம். இன்னும் பாதியாவது கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தனம் பூசிக்கொண்டு ஆத்தா முன்னால் நின்றேன். அவள் தலைக்குப் பதில் என் தலை, வாங்கிக்கொள். என்ன வருவதானாலும் எனக்கு வரட்டும். இவ்வளவுதான் சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் கிரவுண்டுக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். செம்மொழி கையில் பந்து. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைப் பார்த்தாள். பந்து கையிலிருந்து விழுந்தது.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் மொட்டை போட்டிருக்கிறேன் என்று இந்த ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சொல்லாத அப்பாயி." தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். என்னைத் தடுக்கிற அவசரத்தில் மறைக்க மறந்துவிட்டாள். "சொல்லாத, சொல்லாத."

ஷம்சாத் மேடம் என் தலையையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இடது முட்டி மேடம்" என்றேன். "ரெண்டு வாரமா. எனக்கும் தெரியும்."

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளை உட்கார வைத்து முட்டியைத் தொட்டு, இப்படி அப்படி அசைத்துப் பார்த்துவிட்டு, "பைத்தியக்காரி" என்றார்கள். அவர்கள் கண்ணும் கலங்கியிருந்தது. "உனக்காகத்தான்டி அந்த டீம்ல ஒரு இடம் கேட்டு வச்சிருந்தேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.


செப்டம்பர் 29, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள்ளே ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. முழுதும் அறுந்துபோகவில்லை, அதனால் இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், பயிற்சியிலேயே தேற்றலாம் என்றார் டாக்டர். ஆறு மாதம் ஆகும். "இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தா அறுந்திருக்கும்" என்றார்.

நான் செம்மொழியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.


அக்டோபர் 5, ஞாயிறு

என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், மருந்து போடுகிறாள், டாக்டர் சொன்ன மாதிரி காலை நீட்டி நீட்டி மடக்குகிறாள். என்னிடம் ஏதாவது வேண்டும் என்றால் ராமாயி வரும் வரை காத்திருக்கிறாள்.

"பெரியாயி, ஐஸ் கட்டி வேணும்னு அந்த மொட்டைகிட்ட சொல்லுங்க."

ராமாயி என் பக்கம் திரும்பி, "மொட்டை, ஐஸ் கட்டி வேணுமாம்" என்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள், பாவி. நானும் ராமாயி வழியாகவே பதில் சொல்கிறேன்.

யுனிவர்சிட்டி டீமில் அவள் இடத்தில் கும்பகோணத்துப் பிள்ளை ஒருத்தியை எடுத்திருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னதும் ராமாயிதான்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. திருப்பூரிலிருந்து இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். புகழேந்தி வாசலிலேயே என் தலையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னைக் கேக்காம ஏம்மா இப்படி? ஊர்ல எவனாவது நான் செத்துட்டேன்னு நெனைக்கப் போறான்."

"வாயக் கழுவுடா."

விஷயம் தெரிந்ததும் என்னோடு சண்டை போட்டான். இரண்டு வாரம் ஏன் மறைத்தாய் என்று அவன். அதையும் ஏன் போய்ச் சொன்னாள் என்று அப்பனிடம் மகள். நான் நடுவில். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். மலர்விழி மட்டும் என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். மொட்டைத் தலைக்கு அவ்வளவு எண்ணெய் எதற்கு. போதும் என்று சொல்லத் தோன்றவில்லை.

வெளியே விடாத மழை. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.


நவம்பர் 17, திங்கள்

நேற்று முதல் செம்மொழிக்குக் காய்ச்சல். உடம்பு அனல். கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள். மாத்திரை கொடுத்தேன். ஆத்தா, நான்தான் என் தலையைக் கொடுத்தேனே. போதாதா? வாங்கிக்கலையா? என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்னுதானே சொன்னேன் – எனக்கு ஏன் ஒன்னும் வரல, இவளுக்கு ஏன் வருது? நான் சொன்னது உனக்குக் கேக்கலையா?

ராமாயியை டாக்டரைக் கூட்டி வர அனுப்பியிருக்கிறேன்.


நவம்பர் 18, செவ்வாய்

ஊசி போட்ட பிறகு விடியற்காலையில் வியர்த்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போல. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சண்டை போட்ட நாளிலிருந்து என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"உன் சத்தியத்தால இல்ல அப்பாயி."

நான் துணியால் அவள் நெற்றியைத் துடைத்தேன்.

"காலேஜ்லேருந்து மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தேன்ல, அதுனாலதான். குடையக் கொண்டு போடின்னு நீ பெரியாயிகிட்ட சொல்லி விட்ட. நான்தான் வேணும்னே எடுக்கல."

அப்புறம் மிளகு ரசம் கேட்டாள். என்னிடமே கேட்டாள்.

அடுப்பு புகைந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு சாக்கு.


டிசம்பர் 13, சனி

யுனிவர்சிட்டி டீம் கேரளாவுக்குப் போய் ஆடுகிறது. செம்மொழி போனில் அதைப் பார்த்தாள். கும்பகோணத்துப் பிள்ளை ஓடும்போது இவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கிறாள். அந்தப் பிள்ளை பந்தை வைத்ததும் கை தட்டினாள். கை தட்டிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். நான் பின்னால் போகவில்லை.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். என் தலையில் முடி முளைத்து அறுப்பறுத்த வயலின் அடித்தாள் மாதிரி குத்துகிறது. செம்மொழி தடவிப் பார்த்துவிட்டு, "கிராப்பு நல்லாருக்கு அப்பாயி, இப்படியே வச்சுக்க" என்கிறாள்.

டாக்டர் மெதுவாக ஓடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.


பிப்ரவரி 14, சனி

மேடம் கூப்பிட்டார்கள் என்று கிரவுண்டுக்குப் போனேன். மேட்ச் இல்லை, பிராக்டிஸ்தான், அதனால் செம்மொழியும் வாயேன் என்றாள்.

ஓடுகிறாள். பழைய வேகம் இல்லை. அதை மறைக்க முடியாது. பத்தடி முன்னே இருந்தவள் இப்போது மற்றவர்களோடு சேர்ந்துதான் வருகிறாள். மேடத்திடம் கேட்டேன், பழைய மாதிரி வருவாளா என்று.

"பழைய மாதிரி வர வேணாம்மா" என்றார்கள். "முன்ன காலை நம்பி ஓடுனா. நாலு மாசம் ஓரத்துல உக்காந்து மத்தவங்க ஆடுறதப் பாத்தா இல்ல? இப்ப எங்க சந்து இருக்குன்னு தெரியுது அவளுக்கு. அங்க பாருங்க."

பார்த்தேன். நிமிர்ந்த தலை. இரண்டு பேருக்கு நடுவே பாதை திறப்பதற்கு முன்னாலேயே அதற்குள் போனாள். இடிக்காமல் வெளியே வந்தாள்.

"அவ ஒன்ன மட்டும் இன்னும் கத்துக்கணும்" என்றார்கள் மேடம். "வலிச்சா வாயத் தொறக்கணும். அத நான் சொல்லிக் குடுக்க முடியாது."


மார்ச் 8, ஞாயிறு

இந்த மாதக் கடைசியில் சென்னையில் போட்டி. ரயில்வேக்காரர்கள் பார்க்க வருவார்களாம். செம்மொழி பெயர் இருக்கிறது. அவள் குதிக்கிறாள். நான் உரலில் மாவு ஆட்டுகிற மாதிரி அதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலித்தால் சொல்லுவாளா? ரயில்வேக்காரன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்லுவாளா? போன தடவை என் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்ட பிள்ளைதானே இவள்.

நான் கூடப் போக முடியாது. கேட்கவும் மாட்டேன். கேட்டால் வலிக்கவில்லை என்றுதான் சொல்லுவாள்.


மார்ச் 26, வியாழன்

ரயில் ஏறிப் போய்விட்டாள். திருநீறு பூசிவிட்டேன். காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.


மார்ச் 28, சனி

உளுந்து பறிக்கப் போயிருந்தோம். காலையிலிருந்து இடுப்பில் சொருகியிருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பறித்தேன். வெயில் ஏறிய பிறகுதான் அடித்தது.

"அப்பாயி, செமி பைனல் முடிஞ்சுது."

குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லும்மா."

"கடைசி நேரம். நாங்க ரெண்டு பாயிண்ட் பின்னாடி. பந்து என் கையில. முன்னாடி ஒரே ஒருத்திதான், அவளயும் தாண்டிட்டேன். கோடு தெரியுது. அப்ப கால ஊனுறேன், உள்ள இழுக்குது. அன்னைக்கு மாதிரியே."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"பக்கத்துல ஓடி வந்த பிள்ளைக்குப் பந்தக் குடுத்துட்டு நின்னுட்டேன். கையத் தூக்கி மேடத்தக் கூப்பிட்டேன். அவ கோட்டுக்கிட்ட பந்த நழுவ விட்டுட்டா. தோத்துட்டோம்."

"ரயில்வேக்காரங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒன்னும் சொல்லல. ஓடியிருக்கலாம் அப்பாயி. இன்னும் கொஞ்சூண்டுதான். ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"இப்ப கால் எப்படி இருக்கு?"

"மேடம் பிடிச்சுப் பாத்தாங்க. பெரிசா இல்லையாம், வந்ததும் ஸ்கேன் எடுத்துக்கலாம்னாங்க. நீ பயப்படாத. மூக்கு உறிஞ்சாத, கேக்குது."

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தேன். ராமாயி பறித்த உளுந்துச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேத்தி ஜெயிச்சுட்டாளா?"

"தோத்துட்டாளாம்."

"அதுக்கு ஏன்டி பல்லக் காட்டுற?"

என் நிரையில் குனிந்து விட்ட இடத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தேன்.